சாக்பீஸ் மேசைகள்

எங்கள் பேக்கரியின் வாசலுக்கு நான்கு மேசைகள் வந்தபோது அவற்றுக்குக் காலும் இல்லை, பலகையும் இல்லை. நகர மன்றத்திலிருந்து வந்த அளவுக்காரர் நடைபாதையில் முட்டி போட்டு, டேப் வைத்து அளந்து, கடைச் சுவரை ஒட்டி சாக்பீஸால் நான்கு வட்டங்கள் வரைந்தார். ஒவ்வொரு வட்டத்தின் பக்கத்திலும் நாற்காலிக்கென்று இரண்டு சதுரங்கள்.

"இவ்வளவுதானா?" என்றாள் என் நாத்தனார். "காபி கேட்டா அதையும் வரைஞ்சு குடுப்பீங்களா?"

"ஒரு வாரம் இப்படியே இருக்கும்," என்றார் அவர், தலை நிமிராமல். "ஜனங்க எப்படி நடக்கறாங்கன்னு எண்ணுவோம். எண்ணினதை மன்றத்துல சொல்வோம். முடிவு அவங்க கையில."

அன்றிலிருந்து அவருக்கு எங்கள் கடையில் சாக்பீஸ் என்றே பெயர்.

மேசைகளை நாங்கள் ஆசைக்காகக் கேட்கவில்லை. கடைக்குள் இருக்கும் இரண்டு மேசைக்கே மாவு மூட்டையை இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டியிருந்தது. ஒருவர் பிழைக்கத்தான் அந்தக் கடை காணும்; இருவர் என்றால் இழுபறி. என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறார். வருடத்தில் எட்டு மாதம் கடல்தான் அவருக்கு வீடு. கல்யாணமான புதிதில் எனக்கும் அவர் தங்கைக்கும் ஏழாம் பொருத்தம். உப்பு கூடினால் சண்டை, கதவைச் சாத்தினால் சண்டை. எப்போது சமாதானமானோம் என்று இருவருக்குமே ஞாபகமில்லை. இப்போது அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அவளைத்தான் வேறு ஊர் ஓட்டல் ஒன்று கூப்பிட்டது. கேக் போட ஆள் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று அவளுக்குக் கடிதம் வந்திருந்தது. மன்றக் கூட்டம் வியாழக்கிழமை.

"மேசை கிடைச்சா இருக்கேன் அண்ணி. கிடைக்கலைன்னா கோவிச்சுக்காதீங்க." அதற்கு மேல் நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வாரம் நான் பார்த்ததை இன்னும் யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை. மறுநாள் காலை ஒரு பெண்மணி பையை ஆட்டிக்கொண்டு வேகமாக வந்தாள். முதல் வட்டத்தின் அருகில் வந்ததும் இடுப்பை ஒடித்து விலகிப் போனாள். அவளுக்குப் பின்னால் வந்த கொத்தனாரும் விலகினார். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த அப்பா, கோட்டின் மேல் சக்கரம் படாமல் வளைத்துத் தள்ளினார். அங்கே இருந்தது வெறும் வெள்ளைப் பொடி; ஊதினால் பறந்துவிடும். இருந்தும், முன்பின் தெரியாத ஒரு நகரமே எங்கள் இல்லாத மேசைகளுக்கு வழிவிட்டு நடந்தது. கல்லாவில் நின்றபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மழை பெய்து கோடு அழிந்தபோது, சாக்பீஸ் வருவதற்குள் எதிர்க்கடைத் தையல்காரம்மா தன் துணி மார்க் பண்ணும் கட்டியைக் கொண்டுவந்து வட்டத்தைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

விலகாமல் நடந்தவர் ஒரே ஒருவர். டெலிபோன் சார்.

அவர் ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்கிறார். கண் தெரியாது. எங்கள் சுவர் தொடங்கியதும் கைத்தடியை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, உள்ளங்கையைச் சுவரில் ஓடவிட்டபடி நிமிர்ந்து நடப்பார். அடுப்பின் சூடு முகத்தில் பட்டதும் ஒரு நொடி நின்று, "இன்னைக்கு ரெண்டாவது தட்டு கொஞ்சம் கருகிடுச்சு போல" என்பார். ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை.

மன்றத்தின் அறிவிப்புத் தாளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அவர் விரல்கள் அதன்மேல் நின்றன.

"என்னம்மா இது, புதுசா?"

"சும்மா ஒரு நோட்டீஸ் சார்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அப்போது கேட்டிருந்தால், அவசரம் என்று சொல்லியிருப்பேன். அவர் நான்கு வட்டங்களையும் ஒரே நேர்கோட்டில் மிதித்துக்கொண்டு போனார். எதிர்ச்சாரியில், நிறுத்தியிருந்த கார்களுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த சாக்பீஸுக்கு அவருடைய தலையும் தோளும்தான் தெரிந்திருக்கும். கையிலிருந்த எண்ணும் கருவியை ஒரு தட்டுத் தட்டினார்.

வியாழக்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டு மன்றத்துக்குப் போனோம். பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஒரு கூடம். அரைவட்டமாகப் பதினோரு உறுப்பினர்கள்; அவர்களில் நடுவில் இருந்தவர் தலைவி. எங்களுக்கு முன்னால் ஒருவர் எழுந்து, மரத்தின் வேர் தன் வீட்டுப் படியைத் தூக்குவதைப் பற்றிப் பேசினார். எந்தப் படி, எவ்வளவு உயரம், அம்மா எப்படித் தடுக்கினார் என்று ஒன்று விடாமல் சொன்னார். பதினோரு பேரும் கேட்டார்கள். ஒருவரும் கொட்டாவி விடவில்லை. ஒரு மனிதனின் வாசற்படிக்காக ஒரு நகரம் உட்கார்ந்து காதுகொடுக்கும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

எங்கள் முறை வந்தது. சாக்பீஸ் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அறிக்கை வாசித்தார். வட்டத்தைச் சுற்றி எளிதாக விலகியவர்கள் இத்தனை நூறு பேர். நின்று தயங்கியவர்கள் நான்கு பேர். "மேசை இருக்கிறதைப் பொருட்படுத்தாம, எந்தச் சிரமமும் இல்லாம நேரா நடந்தது பத்து முறை."

"அப்ப இதுல சிக்கலே இல்லை," என்று சிரித்தார் தலைவி.

நாத்தனார் என் தொடையைக் கிள்ளினாள். கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஐந்து நாள், காலையும் மாலையும். பத்து. அது டெலிபோன் சார். வாயைத் திறக்காமல் இருந்தால் மேசை என் வாசலில், அவள் என் வீட்டில். நான் எழுந்திருந்ததே அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தபோதுதான் தெரிந்தது.

"அந்தப் பத்தும் ஒரே ஆளுங்க," என்றேன். "அவருக்குச் சிரமமில்லைன்னு இல்லை. அவருக்குக் கண்ணு தெரியாது. கோடு போட்டிருக்கிறதே தெரியாது. சுவரைப் பிடிச்சுதான் நடப்பார். கேட்டார், நான் சொல்லலை. தப்பு என்னுதுதான்."

சாக்பீஸ் தன் தாளையே வெறித்தார். காது நுனிவரை சிவந்துவிட்டது. நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை.

தள்ளுபடி என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த இடம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"ரெண்டு தெரு."

"கூட்டத்தை அங்கே வெச்சுப்போம். எழுந்திருங்க எல்லாரும்."

பதினோரு பேரும் எழுந்தார்கள். செயலாளர் குறிப்பேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினார். மரத்து வேர்க்காரரும் வேடிக்கை பார்க்க வந்தார். எங்கள் இரண்டு மேசைகளையும் வெளியே தூக்கி, முதல் இரண்டு வட்டங்களில் வைத்தோம். தலைவி கண்ணை மூடிக்கொண்டு இடது கையைச் சுவரில் வைத்தார். நான்கு அடி போனார். ஐந்தாவதில் முட்டி மேசையில் இடித்தது. சுவரை விட்டு வெளியே காலை வைத்தார். கை காற்றில் துழாவியது. திரும்பச் சுவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. அவருக்குப் பின் அடுத்தவர். அவருக்குப் பின் அடுத்தவர். நகரத்தின் பெரிய மனிதர்கள் பதினோரு பேர், பட்டப்பகலில், கண்களை மூடிக்கொண்டு என் கடைச் சுவரைக் குழந்தைகள் போலத் தடவிக்கொண்டு நடந்தார்கள். தெருவில் ஒருவரும் சிரிக்கவில்லை. தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். எனக்குக் கண் நிறைந்து எல்லாமே கலங்கலாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வேலை முடிந்து டெலிபோன் சார் வந்தார். தலைவியே அவர் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னார்.

"அதான் ஒரு வாரமா என் செருப்புல பொடி வாசனை," என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "சுவரை எனக்கு விட்டுட்டு மத்த இடத்தை எடுத்துக்கோங்களேன்மா. உங்க வாசல்ல நாலு பேர் பேசிட்டு இருந்தா எனக்கும் வழி இன்னும் நல்லாத் தெரியும்."

"ரோட்டு ஓரமா போட முடியாது," என்றார் சாக்பீஸ் மெதுவாக. "கார் கதவு திறந்தா இடிக்கும். ஆனா..." அவர் டேப்பை உருவி, தரையில் வைத்து, நிமிர்ந்தார். "ஒரு கார் நிறுத்தற இடத்தை எடுத்துட்டா மூணு மேசை போடலாம்."

"அதுக்கு அனுமதி யாரு கேக்கறது, யாரு குடுக்கறது?" என்றார் ஓர் உறுப்பினர்.

"நாமதான் கேக்கணும், நாமதான் குடுக்கணும்," என்றார் தலைவி. "மூணு மேசைக்குச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

நடைபாதையில் கைகள் உயர்ந்தன. செயலாளர் எங்கள் பன் அலமாரியின் மேல் குறிப்பேட்டை வைத்து எண்ணினார். இரண்டாம் முறையும் எண்ணினார்.

"பன்னிரண்டு வருதே."

நாத்தனார் தூக்கிய கையைச் சட்டென்று இறக்கிக்கொண்டாள்.

"உங்க ஓட்டு செல்லாதுங்க," என்றார் சாக்பீஸ். அன்றுதான் முதல்முதலாக அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

எல்லோரும் போன பிறகு மேசைகளை உள்ளே தூக்கிப் போட்டோம். அவள் தட்டுகளைத் துடைத்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"மூணு போதுமா உனக்கு?" என்று நானே கேட்டேன்.

"நீங்க எழுந்து நின்னீங்களே, அப்ப உங்களைக் கொன்னிருப்பேன் அண்ணி." துணியை உதறினாள். "நாளைக்கு ஓட்டலுக்கு நீங்களே போன் பண்ணி, நான் வரலைன்னு சொல்லிடுங்க. எனக்குப் பொய் சொல்ல வராது."

"இதுல என்ன பொய்?"

"வர முடியலை, ரொம்ப வருத்தமா இருக்குன்னு சொல்லணும்ல?"