சிதையாத அணு

காசுகள் மேசைகளில் விழுந்த சத்தம் அடங்கியபோது வகுப்பு முழுவதும் உட்கார்ந்துவிட்டது. எல்லாரும் ஒட்டடை என்று கூப்பிடும் பெண் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

இயற்பியல் டீச்சர் உட்கார்ந்துவிட்ட வரிசைகளை மாறி மாறிப் பார்த்தாள். சற்று முன்புதான் கதிரியக்கச் சிதைவைப் பற்றி வாய் வலிக்கச் சொல்லியிருந்தாள். "நீங்க ஒவ்வொருத்தரும் ஒரு அணு. காசைச் சுண்டுங்க. பூ விழுந்தா சிதைஞ்சாச்சு, உட்காரணும். தலைன்னா நிக்கணும். எந்த அணு எப்போ போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய பாதி போயிடும். அந்தப் பாதி போற நேரம்தான் அரை ஆயுள்."

பாதி எங்கே? இத்தனை பேருக்கும் ஒரே தடவையில் பூ விழுமா? பேசி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முன்வரிசையில் இரண்டு தோள்கள் சிரிப்பை அடக்கிக் குலுங்கின. அந்தப் பெண்ணை ஏன் ஒதுக்கினார்கள் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. யாரோ ஒருநாள் அந்தப் பெயரை வைத்தார்கள். அவ்வளவுதான்.

'எல்லாரும் எழுந்திருங்க' என்பது தொண்டை வரை வந்தது. ஆனால் பின்னால் தலைமையாசிரியை உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டுத்தான் டீச்சரின் வேலை நிரந்தரமா, இந்த வருடத்தோடு சரியா என்று சொல்லப்போகிறவர். பிள்ளைகளைக் கட்டி மேய்க்கத் தெரியவில்லை என்று ஏற்கெனவே ஒருமுறை சொன்னவர்.

"அட, ஒண்ணே ஒண்ணு மிச்சமிருக்கே!" என்றார். அவர் படித்தது வரலாறு.

"ஆமா மேடம்." தன் குரல் இவ்வளவு இனிமையாக வருமென்று டீச்சர் நினைக்கவில்லை. "சில அணு அப்படித்தான். லேசுல போகாது."

"ஒட்டடையாச்சே மேடம், அடிச்சாத்தான் போகும்!" என்றது ஒரு குரல். வகுப்பு வெடித்துச் சிரித்தது. தலைமையாசிரியையும் சிரித்தார்.

"மிஸ், இவங்க எல்லாரும்..." என்று ஒட்டடை தொடங்கினாள்.

"பேசாம சுண்டும்மா," என்றாள் டீச்சர்.

காசு மேசையில் சுழன்று படுத்தது. டீச்சர் பக்கத்தில்தான் நின்றாள். பூ. ஒட்டடையின் முழங்கால்கள் மடியத் தொடங்கின.

"தலை மிஸ்! தலைதான்!" பக்கத்து இருக்கைக்காரி கத்தினாள். "தலை, தலை" என்று வகுப்பே பிடித்துக்கொண்டது.

ஒட்டடை நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தாள். கெஞ்சல் எதுவும் இல்லை. பார்த்ததைச் சொல்லுங்கள் என்கிற பார்வை. நாளைக்குத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளலாம், ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுக்கலாம் என்று டீச்சர் அந்த நொடிக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தாள்.

"தலைதான்," என்றாள். "மறுபடி சுண்டு."

மறுபடியும் சுண்டினாள். அதற்கப்புறமும். என்ன விழுந்தாலும் வகுப்பு தலை என்றது, டீச்சர் தலையாட்டினாள்.

"பசங்களுக்கு என்ன உற்சாகம்! இப்படித்தான் இருக்கணும்," என்று டீச்சரின் தோளைத் தட்டிவிட்டுத் தலைமையாசிரியை வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது.

"போதும்மா, உட்காரு," என்றாள் டீச்சர்.

ஒட்டடை உட்காரவில்லை. காசைச் சுண்டினாள். விழுந்ததைப் பார்க்காமலே உள்ளங்கையால் அழுத்தி மூடினாள்.

"தலை, மிஸ்," என்றாள்.