மெஷினுக்குப் பக்கத்தில் போட்ட காபி

சின்னப்பன் மாமா மஸ்கட்டிலிருந்து வரும்போது டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டர் கொண்டுவருவார் என்றுதான் அப்பா நினைத்திருந்தார். ஷோகேஸில் இருந்த பீங்கான் நாயைத் தூக்கி பீரோ மேல் வைத்து, இடம்கூட ஒழித்து வைத்திருந்தார். மாமா பெட்டியைப் பிரித்தார். உள்ளே இருந்து வந்தது காபி போடுகிற மெஷின். வெள்ளை பிளாஸ்டிக் உடம்பு, கைப்பிடி வைத்த கண்ணாடிக் கூஜா, சுவிட்சைத் தட்டினால் எரிகிற சிவப்பு விளக்கு.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. அவர் எதிரில் அப்பாவால் முகத்தைச் சுளிக்க முடியவில்லை.

“பரவாயில்ல மச்சான். இதுவும் பாட்டு பாடும் போல கீது,” என்றார்.

பாடத்தான் செய்தது. தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டால் வயிற்றுக்குள் களக் களக் என்றது. ஆனால் காபிதான் வரவில்லை. நாங்கள் தாம்பரம் மார்க்கெட்டில் வாங்குவது சிக்கரி கலந்த நைஸ் தூள். மாமா கொண்டுவந்திருந்த காகிதக் கூம்பில் அதைப் போட்டதும் களிமண் மாதிரி அடைத்துக்கொண்டது. தண்ணீர் விளிம்பு தாண்டி மேடையில் வழிந்து, கேஸ் அடுப்புக்கு அடியில் போய்த் தேங்கியது.

“தூள் கொஞ்சம் கொரகொரன்னு இருக்கணும்க்கா,” என்றார் மாமா.

கொரகொரவென்று அரைத்து வாங்கிவந்தோம். இந்த முறை இறங்கியது. பால் கலந்ததும் இறங்கியது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டம்ளரில் பால்தான் இருந்தது, கொஞ்சம் அழுக்கான பால்.

மாமா மேடவாக்கத்தில் உள்ள அவர் மாமியார் வீட்டுக்குக் கிளம்பும்வரை அப்பா பொறுத்திருந்தார். பிறகு டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“செல்லம்மா, ஏரில எருமை குளிச்ச தண்ணிய மொண்டுகினு வந்தியா? உன் தம்பி அரபு நாட்டுக்குப் போய் இத்தினி வருசம் இன்னா கத்துகினான்? சுடுதண்ணிக்குக் கலர் அடிக்கவா?”

அம்மாவைப் பற்றி என்ன சொன்னாலும் அம்மா கேட்டுக்கொள்வாள். தம்பியைப் பற்றிச் சொன்னால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. அன்றைக்கும் இல்லை.

மறுநாள் விடிவதற்குள் அம்மா தன் பித்தளை ஃபில்டரை எடுத்தாள். அது கல்யாணத்தின்போது அவளோடு கூடவே வந்தது. உள்ளே ஈயம் பூசியது, மேலடுக்கின் அடியில் ஊசிமுனை மாதிரி துளைகள், பக்கத்தில் புள்ளி புள்ளியாகச் செல்லம்மா என்று பெயர் வெட்டியிருக்கும். துளை அடைத்துக்கொண்டால் அம்மா மேலடுக்கை அடுப்பு நெருப்பில் காட்டித் தட்டுவாள். வேறு யாரும் அதைத் தொட்டால் அவளுக்குப் பிடிக்காது. நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான், அதைக் கழுவ எனக்கு அனுமதி கிடைத்தது. துடைக்க இன்னும் கிடைக்கவில்லை.

தூளைப் போட்டு, ஃபில்டரின் குடைத்தட்டால் லேசாக அமுக்கி, தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடினாள். கள்ளிச்சொட்டு மாதிரி இறங்கிய டிகாஷனை எடுத்து மெஷினின் கண்ணாடிக் கூஜாவில் ஊற்றினாள்.

“அப்பாகிட்ட சொல்லாதே,” என்றாள்.

“சத்தம் வர வேணாமாம்மா?” என்றேன் நான்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி மெஷினில் வெறும் தண்ணீரை ஊற்றி, கூஜா இருக்கிற இடத்தில் ஒரு சொம்பை வைத்துச் சுவிட்சைப் போட்டாள். களக் களக். இறங்கிய வெந்நீரில் பால் பாத்திரம் கழுவினோம். பிறகு கூஜாவை அதன் இடத்தில் வைத்தோம். சிவப்பு விளக்கு சமர்த்தாக எரிந்தது.

அப்பா ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல் இன்னொரு வாய் குடித்தார்.

“அடேங்கப்பா! மெஷினுக்குக் கை பழகணும் போல கீது. மச்சான் மச்சான்தான்!”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா தினமும் தாம்பரம் சானடோரியத்தில் எலக்ட்ரிக் டிரெயின் ஏறிப் பார்க் ஸ்டேஷனில் இறங்குகிறவர். ஒரே பெட்டி, ஒரே ஜன்னல், சுற்றிலும் அதே ஆபீஸ்காரர்கள். பல்லாவரம் வருவதற்குள் மெஷினைப் பற்றி ஆரம்பிப்பார் என்றும், கிண்டியில் இறங்குகிறவர்கள்கூட முழுக்கதையையும் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள் என்றும் மாமா ஒருநாள் கூடப் போய்வந்து சொன்னார். சொல்லும்போது மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்த மாதிரி இருந்தது. எனக்கு ஏன் என்று புரியவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் அப்பா அடுக்களைக்கு வந்து நின்றார்.

“செல்லம்மா, மெஷின்தான் கீதே, அந்தப் பித்தளை ஃபில்டர் எதுக்கு சும்மா? பாத்திரக்கார குப்புராஜுகிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை வரான். போட்டுட்டு எவர்சில்வர் டிபன் கேரியர் எடுத்துக்கலாம்.”

அம்மாவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

“இருக்கட்டுங்க. அது பாட்டுக்கு ஒரு மூலைல கெடக்குது.”

“கெடந்து இன்னா பிரயோஜனம்? நீ அதைத் தொட்டே எவ்ளோ நாளாச்சி!”

அவர் போன பிறகு அம்மா முறத்தை எடுத்து, ஏற்கனவே புடைத்த அரிசியை மறுபடியும் புடைத்தாள்.

“சொல்லிடேம்மா,” என்றேன்.

“இன்னான்னு சொல்றது? என் தம்பி கொணாந்தது எருமைத் தண்ணிதான்னா? சாவுறவரைக்கும் சொல்லிக் காட்டுவாரு.”

“அப்போ ஃபில்டர் போயிடுமே.”

ஃபில்டரா, தம்பியா என்று அம்மா அன்று ராத்திரி முழுக்க யோசித்திருப்பாள். மறுநாளிலிருந்து வேண்டுமென்றே டிகாஷனைத் தண்ணியாக இறக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். அம்மா ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டுவிட்டு, காலையில் வழக்கம்போலக் கெட்டியாகவே இறக்கினாள். “கை வரலைடி,” என்றாள்.

சனிக்கிழமை அப்பா ஒரு சாக்கில் ஃபில்டரையும், நசுங்கிப்போன ஒரு பித்தளைச் சொம்பையும் போட்டுக் கூடத்து மூலையில் வைத்தார். அதோடு இன்னொரு செய்தியும் சொன்னார். அவருடைய சூப்பிரண்டு ஸ்ரீநிவாசராகவன் சார் குரோம்பேட்டையிலிருந்து நாளைக்கு வருகிறாராம். மெஷின் காபியைக் குடித்துப் பார்த்து, பிடித்திருந்தால் மாமாவிடம் சொல்லி அவருக்கும் ஒன்று வரவழைக்கப்போகிறாராம்.

“மனுசன் காபில பெரிய ஆளு. ஆபீஸ் கேன்டீன் காபியை முகர்ந்து பாத்தே திருப்பி அனுப்புவாரு. நாளைக்கு மானத்தைக் காப்பாத்து.”

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் வீட்டில் கரண்ட் இல்லை. அப்பா ஃபேன் சுவிட்சைத் தட்டினார், மெஷின் சுவிட்சைத் தட்டினார், ஒன்றும் வரவில்லை. ஆபீஸுக்குப் போகிற நாளைப் போல அலுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். அம்மா சாக்கிலிருந்து ஃபில்டரை எடுத்து, அவசரமாக டிகாஷன் இறக்கி, கூஜாவில் ஊற்றினாள். அதற்குள் கேட் சத்தம் கேட்டது. அப்பாவின் செருப்புச் சத்தமும் கேட்டது. அம்மா ஃபில்டரை அப்படியே சாக்குக்குள் செருகிவிட்டு உள்ளே ஓடிவந்தாள்.

“வாங்க சார், வாங்க சார். மன்னிக்கணும், காலையிலேர்ந்து கரண்ட் இல்ல, ஃபேன் ஓடாது,” என்று அப்பா வாசலிலேயே சொல்வது எங்களுக்குக் கேட்டது.

ஸ்ரீநிவாசராகவன் சார் ஒல்லியாக, உயரமாக இருந்தார். உட்கார்ந்ததும் எங்கள் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டார். சின்னப்பன் மாமாவும் அதற்குள் வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கதவுத் திரைக்குப் பின்னால் என் வழக்கமான இடத்தில் நின்றேன்.

“செல்லம்மா! மெஷின்ல காபி போட்டு எடுத்துனு வா!” என்று, பெருமையில் மற்றதெல்லாம் மறந்துபோய், அப்பா உரக்கக் கூப்பிட்டார்.

அம்மா பாலைப் பொங்கவைத்து, கலந்து, ஆற்றி, தட்டில் வைத்துத் தூக்கினாள். அப்போதுதான் மெஷினைப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரியவில்லை. எப்படி எரியும்? அம்மாவின் புடவையைப் பிடித்து இழுப்பதற்குள் அவள் திரையைத் தாண்டிவிட்டாள்.

சார் டபராவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பேப்பர் விசிறிய கை நின்றது. ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். அப்பா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏசுபாதம், இது மெஷின் காபியா?”

“மெஷினேதான் சார். சுவிட்ச் போட்டா போதும்.”

சார் இன்னொரு வாய் குடித்தார். பிறகு தலையைத் தூக்கி, அசையாமல் நின்ற ஃபேனைப் பார்த்தார்.

“அந்த ஃபேனும் சுவிட்ச் போட்டாத்தானே ஓடும்?”

அப்பா ஃபேனைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். மாமா மட்டும் சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“அது வந்து சார்... சூடு உள்ளயே நிக்கும் சார். ஃபாரின் பொருள் இல்லியா...”

“எப்போலேர்ந்து நிக்கறது? நேத்திலேர்ந்தா?”

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் குப்புராஜ் வந்து கூவினான். “சார், பித்தளை குடுக்கறேன்னியே சார்!” பேச்சை மாற்ற வழி கிடைத்த சந்தோஷத்தில் அப்பா, “வாப்பா, வாப்பா! அதோ சாக்கு, எடுத்துக்கோ!” என்றார்.

குப்புராஜ் கூடைப் பாத்திரங்களை வாசல்படியில் இறக்கிவிட்டு, சாக்குக்குள் கையை விட்டான். விட்ட வேகத்தில் வெளியே இழுத்தான்.

“யோவ், சுடுதுய்யா!”

மறுபடியும் துணியைச் சுற்றிக் கையை விட்டு ஃபில்டரை எடுத்து, மூடியைத் திறந்தான். கூடம் முழுக்கக் காபி வாசனை அடித்தது.

“இன்னா சார் இது? ஈரத்தூளோட வெச்சி எடை ஏத்தலாம்னு பாக்கறியா? ஆளைப் பாத்தா டீசன்டா கீறே! இந்த வேலை நான் பண்ணுவேன் சார், நீ பண்ணலாமா?”

குப்புராஜ் தராசைத் தூக்கி, ஃபில்டரைத் தட்டில் வைக்கப் போனான். அம்மா இரண்டே எட்டில் போய் அதை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

“இது என்னுது. குடுக்கமாட்டேன்.” பிறகு, தம்பியின் பக்கம் திரும்பாமல், அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். “இதுலதான் போடறேன். தினமும் இதுலதான் போடறேன். மெஷின்ல வெறும் சத்தம்தான்.”

சொல்லி முடித்ததும் அவள் கண் தளும்பிவிட்டது. “சின்னப்பா, நீ தப்பா நெனச்சிக்காதேடா. உன்னை ஒரு வார்த்தை சொல்லிடக்கூடாதுன்னுதான்...”

மாமா காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எனக்குத் தெரியும்க்கா.”

“இன்னாடா தெரியும்?”

“நான் கொணாந்த காகிதக் கட்டு பிரிச்சது பிரிச்சபடி அப்படியே கீது. மொத நாள் எடுத்ததுக்கு அப்புறம் ஒண்ணுகூடக் கொறையல. காகிதம் இல்லாம மெஷின் காபி எப்படி வரும்? வந்த மறுவாரமே கண்டுபிடிச்சிட்டேன்.”

“அடப்பாவி, அப்போ வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?” என்றார் அப்பா.

“சொன்னா, ‘அப்போ டேப்பு எங்க மச்சான்’னு கேப்பியே மச்சான்! நீ ஷோகேஸ்ல நாயை எடுத்துட்டு இடம் ஒழிச்சி வெச்சிருந்ததை நான் பாக்கலியா?”

திரைக்குப் பின்னால் நான் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்லவேளையாகத் திரை கெட்டியான திரை.

ஸ்ரீநிவாசராகவன் சார் எழுந்து வந்து, “அதைக் கொஞ்சம் குடுங்கோம்மா,” என்று கை நீட்டினார். அம்மா தயங்கினாள். பிறகு கொடுத்தாள். நான் துடைக்கக்கூடத் தொடக்கூடாத ஃபில்டர்! அவர் தூளைத் தட்டில் கொட்டிவிட்டு, மேலடுக்கை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“எங்காத்துல இருக்கறதுல துளை ஒண்ணொண்ணும் கொய்யாப்பழம் போற அளவு. பாதித் தூள் டம்ளர்லதான் வந்து உக்கார்றது. எனக்கு மெஷின் வேண்டாம் ஏசுபாதம். இந்த மாதிரி ஒண்ணு கிடைக்குமான்னு பாருங்கோ.”

அப்பாவுக்கு மெல்ல உயிர் வந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அதான் சார் நானும் சொல்ல வந்தேன். மெஷின் வந்ததிலேர்ந்துதான் ஃபில்டர் இவ்ளோ நல்லா வேலை செய்யுது.”

“பின்னே? பக்கத்துலயே போட்டி வந்து நிக்கறதே,” என்றார் சார், முகம் மாறாமல்.

குப்புராஜ் நசுங்கின சொம்பை மட்டும் சாக்கிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, அலுப்போடு திரும்ப வைத்தான். அவன் பார்வை திறந்த கதவு வழியாக அடுக்களை மேடைக்குப் போனது.

“அந்த வெள்ளை ஐட்டம் வேணாம்னா சொல்லும்மா. பிளாஸ்டிக்குன்னா பதிலுக்குப் பூண்டு தரேன்.”

“அதுல கை வெச்சே, அவ்ளோதான்,” என்றாள் அம்மா. “என் தம்பி வாங்கியாந்தது.”

மாமா டம்ளரை அவளிடம் நீட்டினார். “அக்கா, இன்னும் அரை டம்ளர். மெஷின்ல போட்டது வேணாம். மெஷினுக்குப் பக்கத்துல போடறியே, அது.”

“இவருக்கும் ஒண்ணு குடு,” என்று அப்பா குப்புராஜைக் காட்டினார். “பாவம், கை சுட்டுகினாரு.”

அம்மா உள்ளே வந்து ஃபில்டரில் புதுத் தூள் போட்டாள். அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதித்தபோது கரண்ட் வந்தது. கூடத்தில் ஃபேன் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. அப்பா காலையில் தட்டிய சுவிட்ச் அப்படியே இருந்ததால், மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே மிச்சமிருந்த நேற்றைய தண்ணீரை வைத்துக்கொண்டு, களக் களக் என்று அது பாட ஆரம்பித்தது.

ஃபேன் சத்தத்தையும் மீறி அது கூடம்வரை கேட்டது.

“அம்மா,” என்றது ஸ்ரீநிவாசராகவன் சாரின் குரல், “அதுக்கும் ஒரு வாய் குடுங்கோ. ரொம்ப நாளா கத்திண்டிருக்கு.”