தகவல் மேசையில் ஒரு கொள்கைவாதி

மனித குலம் இன்றுவரை தீர்க்க முடியாமல் வைத்திருக்கும் அத்தனை சிக்கல்களுக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான்: கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் திருப்பிக் கேள்வி கேட்பது. போர்கள் இப்படித்தான் மூண்டன. கல்யாணங்கள் இப்படித்தான் நின்றன. இந்தக் குறை துளியும் இல்லாத ஒரே ஒரு மனிதனை எனக்குத் தெரியும். தினமும் பல் துலக்கும்போது கண்ணாடியில் அவனைச் சந்திக்கிறேன்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

குறை முற்றிப்போன ஆள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அப்பாவின் தங்கை. பெரிய நூலகம் ஒன்றின் விசாரணை மேசையில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவர். “அத்தை, மணி என்ன?” என்றால் “எங்கடா கிளம்பற?” என்பார். “கத்தரிக்கோல் எங்க இருக்கு?” என்றால் “எதை வெட்டணும்?” என்பார். ஒருமுறை தண்ணீர் கேட்டேன். “தாகமா, விக்கலா?” என்றார். விக்கல்தான். ஆனால் அது தற்செயல்.

கேட்டால் தொழில் தர்மம் என்பார். “வர்றவங்க கேக்கறது ஒண்ணு, அவங்களுக்கு வேணுங்கறது ஒண்ணு. வாயில வந்ததை மட்டும் எடுத்துக் குடுக்கறதுக்கு மனுஷன் எதுக்குடா?”

இந்த அத்தையிடம்தான் நான் வசமாக மாட்டினேன். கல்லூரியில் என் வருகைப்பதிவு அறுபத்தொரு சதவீதத்தில் கால் நீட்டிப் படுத்துவிட்டது. நூலகர்களின் ஆண்டு மாநாட்டில் மூன்று நாள் தொண்டர் வேலை பார்த்தால் ஒரு கடிதம் கிடைக்கும், அதைக் காட்டினால் துறைத்தலைவர் கண்ணை மூடிக்கொள்வார் என்று ஏற்பாடு. தொண்டர்களுக்குப் பொறுப்பு அத்தை. முதல் நாளே என் கழுத்தில் ஓர் அடையாள அட்டையை மாட்டி, இரண்டாம் மாடியில் படிக்கட்டு முடியும் இடத்தில் இருந்த தகவல் மேசைக்குப் பின்னால் என்னை நட்டுவிட்டுப் போனார்.

“யாராவது கேட்டா பட்டுனு பதில் சொல்லிடாத. என்ன வேணும்னு விசாரி.”

“கேட்டதுக்குப் பதில் சொல்வேன் அத்தை. அதுக்கு மேல அவங்க சொந்த வாழ்க்கையில தலையிட மாட்டேன்.”

“வாய் இருக்கு உனக்கு. காதுதான் இல்ல” என்று அத்தை படியிறங்கிப் போனார்.

இரண்டாயிரம் நூலகர்களை ஒரே கட்டடத்தில் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். வருடம் முழுக்க மற்றவர்களை “உஷ்” என்றவர்கள், அடக்கி வைத்த பேச்சையெல்லாம் மூன்றே நாளில் பேசித் தீர்க்கிறார்கள். வராந்தாவில் சந்தைக்கடை தோற்றது. இன்னொன்றும் கவனித்தேன். “நீல அட்டை போட்ட புத்தகம் ஒண்ணு இருந்துச்சே” என்று வந்து நிற்கும் வாசகர்களைப் பற்றித் தேநீர் இடைவேளையில் சிரித்துச் சிரித்துப் பேசியவர்கள், இடைவேளை முடிந்ததும் என்னிடம் வந்து கேட்டார்கள்: “தம்பி, நேத்து உயரமா ஒருத்தர் பேசினாரே, கண்ணாடி போட்டுக்கிட்டு, அவர் இன்னைக்கு எந்த ரூம்?” கண்ணாடி போடாதவர்கள் அந்த மாநாட்டில் ஏழு பேர்தான் இருந்தார்கள்.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அந்த அக்கா வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு பெரிய சாவிக்கொத்து. பேச்சாளர்களுக்கான சிவப்பு நாடாவை வாங்கத்தான் வந்தார். நாடா கிடைத்த சந்தோஷத்தில் நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் ஒரு நடமாடும் நூலக வண்டியின் ஓட்டுநர். அந்த வண்டிக்கு நூலகரும் அவரே. எல்லா நூலகத்திலும் புத்தகங்களைப் பொருளுக்கு ஓர் எண் கொடுத்து, எண் வரிசையில் அடுக்குவார்கள். இவர் வண்டியில் அப்படி இல்லை. எந்த நிறுத்தத்தில் எந்தப் புத்தகம் போகுமோ அதை அந்த நிறுத்தத்துக்கான தட்டில் வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு தட்டு, தையல் கம்பெனிக்கு ஒரு தட்டு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தட்டு.

“தையல் கம்பெனில டீ குடிக்க விடற நேரம் பத்து நிமிஷம் தம்பி. அதுக்குள்ள இறங்கி வந்து, எடுத்து, கையெழுத்துப் போட்டுட்டு ஓடணும். எண்ணைத் தேடிட்டு இருந்தா டீயும் போச்சு, புத்தகமும் போச்சு.”

மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து எண் வரிசைக்கு மாற்றும்படி உத்தரவு போட்டுவிட்டார். அக்கா கெஞ்சியதில் கடைசியாக ஒன்று சொல்லியிருக்கிறார்: மாநாட்டில் பேசுங்கள், நானும் வந்து கேட்கிறேன், தொழில் தெரிந்தவர்கள் ஒத்துக்கொண்டால் பார்க்கலாம். மூன்று வருடமாகக் கட்டுரை அனுப்பி, இந்த வருடம்தான் இடம் கிடைத்திருக்கிறது. மாலை மூன்று இருபதுக்கு, ஏழாம் அறையில், இருபது நிமிடம்.

“ஏழாம் அறை எங்க தம்பி?”

“இதே வராந்தா. கடைசிக் கதவு.”

ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

பதினோரு மணிக்கு மறுபடி வந்தார். “தம்பி, அந்த ரூம்ல எத்தனை நாற்காலி?”

“அறுபது.”

“எல்லாம் மேடையப் பாத்தா இருக்கு?”

“ஆமாங்க.”

“ஓ” என்று சாவிக்கொத்தை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனார்.

பன்னிரண்டே முக்காலுக்கு மூன்றாவது முறை. இப்போது அந்தச் சிவப்பு நாடா சட்டையில் இல்லை, கையில் இருந்தது. “பேரைக் கூப்பிடும்போது ஆள் இல்லன்னா என்ன செய்வாங்க?”

“அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்க.”

மூன்றே சொல். அத்தையாக இருந்தால் இதற்கு முக்கால் மணி நேரம் எடுத்திருப்பார்.

ஆனால் அவர் போன பிறகு எனக்குள் ஏதோ அரிக்க ஆரம்பித்தது. மேசையில் ஒரு நோட்டு உண்டு. யார் என்ன கேட்டாலும் நேரத்தோடு அதில் எழுத வேண்டும். நூலகர்களுக்கு எதையும் எண்ணாவிட்டால் தூக்கம் வராது. அந்த மூன்று கேள்விகளையும் மறுபடி படித்தேன். அறை எங்கே, நாற்காலி எத்தனை, ஆள் இல்லாவிட்டால் என்ன. ஒரு துப்பறியும் கதையின் நடுப்பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தது போல இருந்தது.

கேள்வி நேரங்களில் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வரிசை ஓடும் என் வகுப்புத் தோழன் அந்தப் பக்கம் வந்தான். அவனை எல்லோரும் மைக் என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவனிடம் நோட்டைக் காட்டினேன்.

“மச்சி, ஒருத்தர் எதுக்குடா நாற்காலிய எண்ணுவாங்க?”

“நாற்காலி வாடகைக்கு விடறவங்களா இருக்கும்.”

“வண்டி ஓட்டறவங்கடா.”

“அப்ப நாற்காலிய வண்டில ஏத்தறவங்களா இருக்கும்.” மைக் என்னை மேலும் கீழும் பார்த்தான். “இவ்வளவு மண்டைய உடைக்கற நேரத்துல அவங்களையே கேட்டிருக்கலாம்ல?”

“அது என் கொள்கைக்கு விரோதம்.”

“கொள்கையாம். கேண்டீன்ல நேத்து ஒரு பொண்ணு உன்கிட்ட வழி கேட்டதுக்கு, எந்த காலேஜ், எந்த வருஷம், எந்த பஸ்ல வர்றீங்கன்னு கேட்டியே, அப்ப கொள்கை லீவுல இருந்துச்சா?”

“அது பொது அறிவு” என்றேன்.

இரண்டரை மணிக்கு அக்கா நான்காவது முறையாக வந்தார். நாடாவைக் காணோம். அடையாள அட்டையையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார். முகத்தில் சிரிப்பு ஒன்றை வைத்திருந்தார். அது அவருக்குச் சொந்தமானதாகத் தெரியவில்லை.

“தம்பி, பின்வாசல் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்? வண்டி அங்கதான் நிக்குது.”

நாலு மணி. எனக்கு அது நன்றாகத் தெரியும். பதில் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். கேட்ட கேள்விக்குச் சரியான பதில். அவர் நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போயிருப்பார். மூன்று இருபதுக்கு அவர் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள். அப்புறம் அடுத்த ஆளை.

படிக்கட்டை எட்டிப் பார்த்தேன். அத்தை இல்லை. மைக்கும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“எதுக்குங்கக்கா கேக்கறீங்க?”

அக்காவின் கையில் சாவிக்கொத்து ஒரு முறை குலுங்கியது.

“போயிடலாம்னு பாக்கறேன் தம்பி.”

“பேச்சு தயாரா இல்லையா?”

“பேச்சுக்கென்ன. பதினோரு வருஷமா இதைத்தானே பேசறேன். வண்டில வர்றவங்க யாரும் உக்காந்ததில்ல. நின்னுக்கிட்டே, ஒரு காலைப் படில வெச்சுக்கிட்டே கேப்பாங்க. பாதி பேர் என்னைப் பாக்கவே மாட்டாங்க, புத்தகத்தைத்தான் பாப்பாங்க. எனக்கு அப்படித்தான் பேச வரும். மத்தியானம் அந்த ரூம்ல போய் நின்னு பாத்தேன். அறுபது நாற்காலி. ஆளே இல்ல, ஆனாலும் எல்லா நாற்காலியும் என்னையே பாக்குது. நாக்கு மேல ஒட்டிக்கிச்சு.”

நான் யோசித்தேன். யோசித்தேன் என்பதைவிட, வாய் தானாகவே அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டது என்பதுதான் உண்மை. இந்தப் பழக்கம் இருமல் மாதிரி, ஒன்றோடு நிற்காது போலிருக்கிறது.

“நிக்கறவங்கன்னா பேசிடுவீங்களா?”

“நிக்கறவங்கன்னா நாள் பூரா பேசுவேன்.”

“மூணே காலுக்கு அந்தக் கதவுகிட்ட வந்து எட்டிப் பாருங்க. யாராவது ஒருத்தர் உக்காந்திருந்தாலும் நீங்க கிளம்பிடலாம். பின்வாசல் நாலு மணி வரைக்கும் திறந்திருக்கும்.”

தேநீர் இடைவேளை மூன்று மணிக்கு. மணி அடித்ததும் இரண்டாம் மாடி மொத்தமும் கீழே இறங்கிவிட்டது. நானும் மைக்கும் ஏழாம் அறைக்குள் நுழைந்தோம். நாற்காலிகளை ஆறு ஆறாக அடுக்கினால் பத்து நடை. தூக்கி வந்து தகவல் மேசைக்குப் பின்னால் சுவர்போல அடுக்கினோம்.

“யாராவது கேட்டா என்னடா சொல்றது?” என்றான் மைக், மூச்சு வாங்க.

“மேலிடத்து உத்தரவுன்னு சொல்லு. எந்த மேலிடம்னு நூலகர்கள் கண்டிப்பா கேப்பாங்க. அதுக்குள்ள ஓடிடு.”

மூன்றே காலுக்குக் கூட்டம் திரும்பியது. ஏழாம் அறைக்கு வந்த நாற்பது பேர் உள்ளே போய், தேடி, வெளியே வந்து கதவு எண்ணைச் சரிபார்த்து, மறுபடி உள்ளே போனார்கள். துணிப்பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு சுவரோரமாகச் சாய்ந்து நின்றார்கள். அமர்வின் தலைவர் மணியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார். அக்காவின் மேலதிகாரி கோப்பு ஒன்றை அக்குளில் இடுக்கியபடி நடுவில் நின்றார். முகம், வண்டிக்காகக் காத்திருப்பவர் முகம் மாதிரியே இருந்தது.

அக்கா கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மேடைப் பக்கமே அவர் போகவில்லை. கூட்டத்துக்குள் நடந்தார். “நீங்க நாலு பேரும் ஆஸ்பத்திரி வாசல். நீங்க தையல் கம்பெனி, பத்து நிமிஷம்தான் உங்களுக்கு. சார், நீங்க பள்ளிக்கூடம்.” மேலதிகாரி பள்ளிக்கூடம் ஆனார். யார் எந்தத் தட்டுக்கு வருவார்கள், என்ன எடுப்பார்கள், எதைத் திருப்பித் தரவே மாட்டார்கள் என்று அக்கா சொல்லச் சொல்ல, நின்றவர்கள் கிட்டே கிட்டே வந்தார்கள். தகவல் மேசையை விட்டு வரக் கூடாத நானும் கதவுவரை வந்திருந்தேன். தலைவர் மணி அடிக்க மறந்துபோனார்.

மேலதிகாரி மறக்கவில்லை. “எல்லாம் சரிம்மா. எண் வரிசையில வெச்சா மட்டும் என்ன குறை? உலகம் பூரா அப்படித்தானே வெச்சிருக்கு?”

நாற்பது தலைகளும் அக்கா பக்கம் திரும்பின.

அக்கா கேட்டார்: “சார், நீங்க கடைசியா வீட்டுக்கு எடுத்துட்டுப் போன புத்தகம் எது?”

“அறுநூத்தி நாப்பத்தொண்ணு புள்ளி அஞ்சு” என்றார் அவர், யோசிக்காமல்.

அறை வெடித்துச் சிரித்தது. ஒன்றும் புரியாமல் பக்கத்தில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். “சமையல் புத்தகம் தம்பி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு காதில் சொன்னார். புத்தகத்தின் பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்வது இந்த ஒரு சாதி ஜனம்தான்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “இங்க இருக்கற அத்தனை பேருக்கும் அது என்னன்னு தெரியுது சார். என் தையல் கம்பெனில ஒருத்தருக்கும் தெரியாது. அவங்க ‘புதுசா ஏதாவது சமைக்க வழி சொல்லுங்க’ன்னு வருவாங்க. பத்து நிமிஷத்துல.”

ஆஸ்பத்திரி வாசலில் யாரோ கைதட்டினார்கள். அப்புறம் தையல் கம்பெனியும் தட்டியது. மேலதிகாரி கோப்பை இந்த அக்குளிலிருந்து அந்த அக்குளுக்கு மாற்றிக்கொண்டார். “ஒண்ணாம் தேதி ஒண்ணும் மாத்த வேண்டாம். இப்படியே இருக்கட்டும்” என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்குக் கேட்டது.

நான் நழுவி மேசைக்குத் திரும்பினேன். சற்று நேரத்தில் வராந்தாவில் மெதுவாக ஒருவர் வந்தார். அதே மேலதிகாரி. ஏழாம் அறைக்குள்ளிருந்து “அறுநூத்தி நாப்பத்தொண்ணு!” என்று யாரோ கத்துவதும், மறுபடி சிரிப்பு எழுவதும் அவருக்குப் பின்னாலேயே வந்தன.

“தம்பி, உக்கார எங்கயாவது இடம் இருக்கா?”

கீழே கூடத்தில் நாற்பது சோபாக்கள் இருந்தன. லிப்ட் வலது பக்கம். பதில் தயாராகவே இருந்தது.

மேசைமேல் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்: “கால் வலிக்குதா சார், இல்ல கொஞ்ச நேரம் யாரும் பாக்காம இருக்கணுமா?”

அவர் வராந்தாவைத் திரும்பிப் பார்த்தார். “ரெண்டாவது.”

அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவி, மற்ற ஐம்பத்தொன்பதுக்கும் பின்னால் போட்டுக்கொடுத்தேன்.