கம்ப்ரசர் அறை, ஒரு நிமிடம்

வலது தோள் எரிந்தது. கழுத்தெலும்பு முடியும் இடத்தில் ஆணி அடித்து வைத்தது போல வலி. கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. மூன்று நாளாக மைக் கம்பைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் கிடைத்த கூலி. அப்பாவுக்கும் இதே தோள்தான் போனது. அவர் சுமந்தது ஐஸ் பாளம். நான் சுமந்தது ஒரு கம்பும் அதன் நுனியில் கத்தரிக்காய் அளவு மைக்கும். இதைச் சொல்லிப் புலம்பினால் வீட்டில் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

ஆவணப்பட முதுகலையில் எனக்கு இரண்டாம் வருடம். கடைசிப் படத்துக்கு அப்பா பாளம் சுமந்த அதே ஐஸ் கம்பெனியை எடுத்துக்கொண்டேன். அப்பா வேலையை விட்டு நாளாகிவிட்டது. சித்தப்பா மட்டும் இருபத்திரண்டு வருடமாக அங்கே கம்ப்ரசர் ஓட்டுகிறார். அவர் முகத்துக்காகத்தான் மேனேஜர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "கம்பெனிக்கு ஏதாவது கெட்ட பேர் வந்துச்சு, கேமராவை இல்ல, உன்னைத்தான் முதல்ல வெளிய தள்ளுவேன்" என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டார்.

திங்கட்கிழமை மதியம் ஆயில் மாற்ற மெஷினை அரை மணி நேரம் நிறுத்தினார்கள். எனக்கு அதுதான் சமயம். எந்த இடத்தில் படம் பிடித்தாலும், கிளம்புவதற்கு முன் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிந்துகொண்டு வர வேண்டும். எடிட்டிங்கில் பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் ஓட்டை விழும். அதை அடைக்கிற மண் அது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் அசையாம, பேசாம நில்லுங்க" என்றேன்.

பாளம் இழுக்கிறவர்கள் கொக்கியைக் கீழே வைத்தார்கள். ஒருவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் செருகிக்கொண்டார். "யாரும்மா செத்தது?" என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதல் பதிவு போச்சு.

"மேனேஜரா இருந்தா ரெண்டு நிமிஷம்கூட நிப்போம்" என்றார் சித்தப்பா.

இரண்டாவது முறை நின்றார்கள். பதினோரு பேர், கை கட்டி, தலை குனிந்து. பாளம் உறைய வைக்கும் அமோனியா அந்த அறைக் குழாய்களில்தான் ஓடுகிறது. நுழைந்ததுமே எனக்குக் கண் கரிக்கும். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. "எங்க மூக்கெல்லாம் எப்பவோ ரிட்டயர் ஆயிடுச்சு. என் இடது காதையும் கம்பெனிக்கே எழுதிக் குடுத்தாச்சு" என்பார் சித்தப்பா. நாற்பது வினாடி தாண்டியதும் என் தோள் தாங்கவில்லை. கம்பு கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் சாய்ந்தது. அறுபது வந்ததும் இறக்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை எடிட்டிங் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த நிமிடத்தைக் கேட்டேன். அடியில் மெல்லிசாக ஒரு "ஸ்ஸ்ஸ்". கல்லூரிக் கேபிளின் லட்சணம் என்று பல்லைக் கடித்தேன். இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்தச் சத்தத்தைத் துடைத்து எடுத்தேன். கழுவி வைத்த பாத்திரம் மாதிரி ஆனது. பெருமையாகக்கூட இருந்தது.

பக்கத்து மேசைக்காரனை நாங்கள் 'காது' என்று கூப்பிடுவோம். ஒலிப்பதிவு படிக்கிறவன். என்ன துடைத்தேன் என்று காட்ட அவனிடம் பழைய பதிவைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவன் மறுபடி போடச் சொன்னான்.

"கம்பை எங்கயாவது திருப்பினியா?"

"கடைசில சாஞ்சிடுச்சு. தோள் வலி."

"நாப்பத்தி ரெண்டாவது செகண்ட்ல இருந்து சத்தம் ஏறுது பாரு. கேபிள் கோளாறுன்னா கம்பு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இது திரும்பினா ஏறுது. அந்த ரூம்ல ஏதோ சீறுது." ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "இடது பக்கம் என்ன இருந்துச்சு?"

சித்தப்பா இருந்தார். அவருக்குப் பின்னால் சுவரோரம் அமோனியாத் தொட்டி. அதன் தலையில் பெரிய வால்வு.

"சொல்லிடு. இப்பவே" என்றான் காது.

தலையாட்டிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். சித்தப்பா நம்பரை எடுத்தேன். விரல் அங்கேயே நின்றது.

வியாழன் பத்து மணிக்கு ரிவ்யூ. மூன்று பேர் உட்கார்ந்து பார்த்து, இந்தப் படம் முடிக்கத் தகுதியா இல்லையா என்று சொல்வார்கள். இல்லை என்றால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு வழி கிடையாது. எங்கள் பேராசிரியைக்கு 'கத்தரி' என்று பெயர் வைத்திருந்தோம். போன வாரம் அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "மெஷின் இருக்கு, மனுஷன் எங்க? அந்த ஆள் கை வால்வைத் திறந்து மெஷினைக் கிளப்புறது வேணும். அது இல்லாம வராதே" என்று சொல்லியிருந்தார். அதை எடுக்கப் புதன்கிழமைதான் மிச்சம். நான் வாயைத் திறந்தால் சித்தப்பா மேனேஜரிடம் போவார். மேனேஜர் முதலில் செய்யப்போவது கடிதத்தைத் திரும்ப வாங்குவதுதான். கடிதம் இல்லாமல் ரிவ்யூவில் ஒரு காட்சிகூடக் காட்ட முடியாது.

இருபத்திரண்டு வருடமாக ஓடுகிற இடம். இரண்டு நாளில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே போனேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

புதன்கிழமை அந்த அறைக்குள் ஹெட்போனோடு நுழைந்தேன். எனக்காகவே மெஷினை நிறுத்தி வைத்திருந்தார் சித்தப்பா. தலையை வாரி, துவைத்த சட்டை போட்டு வந்திருந்தார்.

"கல்யாணத்துக்குக்கூட இப்படி வரலையே" என்று கொக்கிக்காரர் சீண்டினார்.

"அன்னைக்கு யாரும் கேமரா கொண்டு வரலைடா."

மைக்கை உயர்த்தினேன். சத்தம் வந்தது. இன்றைக்கு அதைத் தேட வேண்டியிருக்கவில்லை. காதுக்குள் யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவது போல விடாமல் சீறியது. ஹெட்போனை விலக்கினேன், ஒன்றுமில்லை. மறுபடி வைத்தேன், இருந்தது. அறையில் பதினோரு பேர். அது கேட்பது எனக்கு மட்டும். கதவு எத்தனை எட்டில் இருக்கிறது என்று எண்ணினேன். ஆறு. வழியில் கொக்கிகளும் ஐஸ் டின்களும் கிடந்தன. மற்றவர்கள் எத்தனை எட்டில் இருக்கிறார்கள் என்று நான் எண்ணவில்லை.

"இங்க நிக்கவா, இன்னும் கிட்ட போகவா?" என்றார் சித்தப்பா.

வால்வுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு போய்விட்டுத்தான் கேட்டார். பிரேமில் அழகாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கே கூசுகிறது. ஆனால் அழகாகத்தான் இருந்தது.

"அங்கயே நில்லுங்க சித்தப்பா" என்றேன்.

அவர் திறந்தார். மெஷின் கிளம்பியது. தரை நடுங்கியது. அந்த முழக்கத்தில் சீறல் மறைந்துவிட்டது. எனக்கு அப்பாடா என்று இருந்தது, சத்தம் மறைந்ததற்கு.

வெளியே டீ வாங்கிக் கொடுத்தார். "ஏம்மா முகம் செத்துப் போயிருக்கு?"

"தோள் வலி சித்தப்பா."

"உங்கப்பன் பொண்ணு பின்ன எப்படி இருப்பே?" என்று சொல்லி, நடுத்தெருவில் நின்று என் தோளைப் பிடித்து அமுக்கிவிட்டார். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். அவர் கை என் மேல் இருந்தது, சொல்ல இரண்டு வார்த்தை போதும். டீயைக் குடித்தேன்.

வியாழன் ரிவ்யூ பன்னிரண்டு மணி வரை இழுத்தது. சித்தப்பாவின் முகம் வால்வருகே வந்தபோது கத்தரி முன்னால் குனிந்து பார்த்தார். கடைசியில், "முடிக்கலாம். போ" என்றார். மாடிப்படி இறங்கும்போதே போன் செய்தேன்.

"சித்தப்பா, வெளிய வாங்க. நல்ல காதுல வைங்க."

சொன்னேன். தொட்டி, வால்வு, சீறல், எல்லாம். அந்தப் பக்கம் மெஷின் ஓடுவது கேட்டது. அவர் மூச்சும் கேட்டது.

"எப்போம்மா கேட்டே?"

"இன்னைக்குத்தான்."

"சரி. வை."

படிக்கட்டிலேயே உட்கார்ந்தேன். ஒரு மணி ஆனது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஒன்றரைக்குக் கூப்பிட்டபோது மணிகூட அடிக்கவில்லை. மாணவர்கள் என்னைத் தாண்டிச் சாப்பிடப் போனார்கள். காது வந்து நின்றான். ரிவ்யூ எப்படி என்று கேட்கவில்லை. "உன் சித்தப்பா அதைச் சரி பண்ணிட்டாருல்ல?" என்றான். கையில் போன் அதிர்ந்தது. சித்தி.

"நீ எங்கடி இருக்கே?" என்றாள். அதற்கு மேல் அழுகைதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பாளம் இழுக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பேர். ஒவ்வொரு தலையாக எண்ணினேன். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. கந்தகத் திரியைக் கொளுத்தி வால்வருகே காட்டினாராம் சித்தப்பா. குபுகுபுவென்று வெள்ளைப் புகை எழும்பியதாம். வாயு கசிந்தால் அப்படித்தான் ஆகும். உடனே அத்தனை பேரையும் கெட்ட வார்த்தை சொல்லி வெளியே விரட்டியிருக்கிறார். மெஷினை அணைத்துவிட்டு, தொட்டியை அடைக்கத் தனியாக உள்ளே திரும்பியிருக்கிறார். ஸ்பேனரை வைத்ததும் வால்வின் கழுத்து பிய்த்துக்கொண்டது.

மெக்கானிக் சுவரில் சாய்ந்து நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "அரிச்சு அரிச்சுத் தேஞ்சிடுச்சு. ரெண்டு மூணு நாள் முந்திக் கண்ணுல பட்டிருந்தா கால் சுத்து இறுக்கினா முடிஞ்சிருக்கும். இன்னைக்கு கை வெச்சதும் கையோட வந்திருச்சு."

சித்தப்பாவின் இரண்டு கண்ணிலும் கட்டு. இடது கண் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலது கண்ணைப் பற்றி அவர் பேசவில்லை. தொண்டை வெந்து, குரல் காகிதம் உரசுகிற மாதிரி வந்தது.

"வந்துட்டியா?" என்று கையை நீட்டினார். பிடித்தேன். பக்கத்தில் இருந்த கொக்கிக்காரரிடம் திரும்பாமலே சொன்னார்: "இவதான். எங்க அண்ணன் பொண்ணு. ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்கன்னு சொன்னா, நாம நக்கலடிச்சோம். அந்த ஒரு நிமிஷத்துல பதினோரு உசிரைக் கேட்டிருக்கா. கேட்ட உடனே போன் போட்டிருக்கா."

கொக்கிக்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். சித்தி என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"அந்தச் சத்தத்தை எனக்கு ஒரு தரம் போட்டுக் காட்டும்மா" என்றார் சித்தப்பா. "வலது காது நல்லாத்தான் இருக்கு."

போட்டுக் காட்டினேன். பதிவின் தலையில் என் குரல்: "திங்கள். கம்ப்ரசர் அறை. ஒரு நிமிடம்." திங்கள் பதிந்தது அவருக்குத் தெரியும், அவரும்தான் நின்றார். கேட்டது எப்போது என்று அதில் இல்லை. நாற்பத்திரண்டாவது வினாடியில் அவர் விரல்கள் என் கையை இறுக்கின.

"அப்பப்பா..." என்றார். "எப்படிச் சீறுது பாரு."

படம் முடிந்துவிட்டது. அந்த நிமிடத்தைத் துடைக்காமல் அப்படியே தொடக்கத்தில் வைக்கச் சொன்னார் கத்தரி, வைத்திருக்கிறேன். காது என்னோடு பேசுவதில்லை. சித்தப்பாவின் வலது கண் வரவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை போய் அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். வழியெல்லாம் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்.

நான் அதைக் கேட்டது செவ்வாய்க்கிழமை காலை. அவரிடம் சொன்னது வியாழக்கிழமை மதியம். நடுவில் இருக்கிற இரண்டு நாளை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அது அவருக்கு நான் தர வேண்டிய பாக்கி.