குப்பி திறக்க ஐந்து பேர்

ஹெய்ட்டியின் தெற்கு மலையில், மாதத்தின் முதல் வியாழன்தோறும் தேவாலயக் கொட்டகையில் தடுப்பூசி போடுவாள் நர்ஸ் ஒதில். தட்டம்மைக் குப்பி ஒன்றில் பத்துப் பிள்ளைகளுக்கு மருந்து. திறந்து கலக்கிவிட்டால் ஆறு மணி நேரம்தான் தாங்கும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். ஐந்து பிள்ளைகள் சேராமல் திறக்கக் கூடாது என்பது மேலிட உத்தரவு. ஒருமுறை இரண்டு பேருக்காகத் திறந்துவிட்டு, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வசவு வாங்கியிருந்தாள்.

அன்று மழை. வந்தவள் தியூலா ஒருத்தி மட்டும். ஒன்பது மாத மகள் வில்னாவை வாழை இலையால் மூடி எடுத்து வந்திருந்தாள்.

"ஒரு பிள்ளைக்குத் திறக்க முடியாது தியூலா."

"நாலு மணி நேரம் நடந்து வந்தேன், மிஸ்."

"நான் மட்டும் பறந்தா வந்தேன்? போய் இன்னும் நாலு பிள்ளையைக் கொண்டா. பெத்துக் கொண்டா, இல்ல பொறுக்கிக் கொண்டா."

தியூலா சிரித்தாள். மகளை மறுபடி இலையால் மூடிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

அடுத்த மாதம் வெயில். காலையிலேயே தியூலா வந்துவிட்டாள். முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று, பின்னால் மூன்று. பிள்ளைகளை வரிசையாகப் பெஞ்சில் உட்கார வைத்தாள். கெட்டிக்காரி என்று சொல்ல வாயெடுத்த ஒதில், முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"வில்னா எங்கே?"

தியூலா குரல் உயர்த்தாமல் சொன்னாள். குழந்தையை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டுதான் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். ஊசி போட்டால் காய்ச்சல் வரும் என்று மறுத்தவர்களுக்குத் தண்ணீர் சுமந்தாள், காராமணி உரித்தாள். மூன்றாவது வீட்டில் ஒரு பையன் கண் சிவந்து இருமிக்கொண்டு கிடந்தான். என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. வில்னா அவன் பாயில் உட்கார்ந்து விளையாடினாள். பத்து நாளில் அவளுக்கும் தட்டம்மை கண்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவளைப் புதைத்தார்கள்.

பெஞ்சில் ஒரு பிள்ளை காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"நாலு பேர் சொன்னீங்க. என்னோடது இல்லையே, அதான் இன்னொண்ணு சேர்த்துக்கிட்டேன். இப்ப அஞ்சு இருக்கு. திறங்க, மிஸ்."

திறந்தாள். ஒவ்வொரு பிள்ளையின் கையையும் தியூலாதான் அசையாமல் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் கூட்டிக்கொண்டு மலையேறினாள்.

வேறு யாரும் வரவில்லை. மாலை நான்கு மணிக்கு ஒதில் மிச்ச மருந்தைக் குழியில் கொட்டினாள். ஐந்து பிள்ளைகளுக்கானது. அதற்கு யாரும் அவளைத் திட்டப்போவதில்லை.