இடது கண்ணில் விழுந்த வெளிச்சம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கிடைத்தது. பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். கன்னத்து மருவை எடுத்துவிடலாமா என்று எல்லா ஸ்டூடியோவிலும் கேட்பார்கள், இந்த ஸ்டூடியோக்காரர் கேட்கவில்லை. நானே கேட்டதற்கு, அதையெல்லாம் விட்டுவிட்டேன் என்றார். வெளியே மழை, வேறு ஆள் வரவில்லை. ஏன் விட்டார் என்று சொன்னார். எழுதலாமா என்றேன்.

"எழுதுங்க. என்னை நல்லவனா ஆக்கிடாதீங்க."

அந்த நிபந்தனையை எவ்வளவு தூரம் காப்பாற்றியிருக்கிறேன் என்று தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: 'குழந்தையின் கண்ணில் ஒரு நிலா...' அடித்துவிட்டேன். அது நிலா இல்லை, கட்டி.

இரண்டாவது: 'விதி அன்று கேமராவுக்குள்...' [வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். விதிமேல் பழி போட அவரே சம்மதிக்க மாட்டார்.]

இனி நேராகவே சொல்கிறேன். ஸ்டூடியோக்காரரின் அக்காவுக்குக் கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்தவள் பாப்பு. அவள் தவழத் தொடங்கியதும், மாமன் இருக்க வேறு யார் படமெடுப்பது என்று அக்கா தூக்கிக்கொண்டு வந்தாள். சாவிக்கொத்தை ஆட்டிச் சிரிக்க வைத்து அவர் எடுத்துத் தள்ளினார். கணினியில் பார்த்தபோது, சில படங்களில் இடது கண்மணி மட்டும் பூனைக்கண்போல வெளுத்துக் கிடந்தது. ஃப்ளாஷ் பட்டால் கண் சிவப்பது இந்தத் தொழிலில் தினப்படித் தொல்லை. இதுவும் அந்த வகைதான் என்று, வலது கண்ணின் கருமையை எடுத்து இடது கண்ணில் வைத்தார். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

அக்கா அந்தப் படத்தை ஹாலில் மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம் கண்ணைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள் என்று பூரித்துப் போனாள்.

3

எழுதும்போது அவர்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஒரு கணம்கூடவா உறுத்தவில்லை? மறுபடி போய்க் கேட்டேன்.

"உறுத்துச்சு சார். ஒரு கண்ணுல மட்டும் ஏன்னு தோணுச்சு. அதுக்குள்ள போன் அடிச்சுது."

போன் நிஜமாகவே அடித்ததா, பிறகு மனம் சேர்த்துக்கொண்டதா என்று அவருக்கே நிச்சயமில்லை. அதனால் போனைக் கதையில் வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். [வைத்துவிட்டேன், பாருங்கள்.]

4

பாப்பு நடக்கத் தொடங்கிய பின் அந்தக் கண் மூக்குப் பக்கம் ஒதுங்கியது. வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள் வீட்டில். தடுப்பூசி போட்ட நர்ஸ்தான் டார்ச் அடித்துப் பார்த்து, இன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள் என்றாள். அத்தான் வெளியூரில் இருந்ததால் தம்பி துணைக்குப் போனார்.

எப்போதிலிருந்து இப்படி, பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். ஹாலில் மாட்டிய அதே படத்தை அக்கா போனில் காட்டினாள்.

"தவழ்றப்ப எடுத்தது, டாக்டர். ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருந்துச்சு."

அப்படியென்றால் சமீபத்தில் வந்ததாக இருக்கலாம் என்றார் மருத்துவர். தம்பி வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அந்தக் கண்ணு நான் போட்டது, டாக்டர்."

ஸ்டூடியோவுக்கு ஓடி, திருத்தாத படங்களை எடுத்து வந்தார். மருத்துவர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். பாப்புவின் சட்டைப் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

படத்தில் கண் வெளுத்தாலே கண்ணுக்குள் புற்றுநோய்க் கட்டி என்று அர்த்தமில்லை, ஆனால் வெளுத்தால் காட்டிவிட வேண்டும் என்றார் மருத்துவர். பிறகு சொன்னார்:

"அப்பவே வந்திருந்தா கண்ணைக் காப்பாத்தியிருக்கலாமோ என்னவோ, உறுதியா சொல்ல முடியாது. இப்போ உயிரைக் காப்பாத்தலாம்."

காப்பாற்றினார்கள். இடது கண்ணை எடுத்துத்தான்.

5

ஒரு முடிவு எழுதினேன்: அக்கா தம்பியின் தோளைத் தொட்டு, உனக்கு என்னடா தெரியும் என்கிறாள். அவரிடம் படித்துக் காட்டினேன். "அவ அப்படிச் சொல்லலையே," என்றார்.

அடித்துவிட்டு இன்னொன்று எழுதினேன்: அக்கா அதோடு பேச்சை நிறுத்திவிடுகிறாள். அதுவும் தப்பாம். பேசினாளாம். சாப்பிட்டாயா என்பாள், மழைக்கு முன்னே வீட்டுக்குப் போ என்பாள்.

"எதைப் பேசணுமோ அதை மட்டும் பேசல."

இப்போதெல்லாம் எந்தக் குழந்தையின் கண் வெளுத்துத் தெரிந்தாலும் பெற்றவர்களிடம் சொல்லிவிடுகிறார். என் பிள்ளைக்கு நோய் என்கிறாயா என்று ஒரு தகப்பன் சட்டையைப் பிடித்திருக்கிறார். அந்த வசவை இவர் வாங்கிக்கொண்டாராம்.

6

பிறகு அக்காவுக்கு ஒரு மகன் பிறந்தான். இந்த நோய் கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம். பிறந்ததிலிருந்தே பார்த்து வந்தால் கண்ணையும் காப்பாற்றிவிட முடியும். முதல் பரிசோதனைக்கு முந்தைய நாள் அக்காவிடமிருந்து போன்.

"நீ வா. குழந்தையை நீ புடிச்சுக்கோ."

இருட்டறை. துணியில் சுற்றிய குழந்தையின் தலையை மாமன் இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடித்திருக்கிறார். நெற்றியில் விளக்கோடு மருத்துவர் குனிகிறார். பார்க்க மாட்டாமல் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஆனால் தம்பியின் சட்டை நுனி அவள் கையில் இருக்கிறது.

படித்துக் காட்டப் போன அன்று, இதுவரை சொன்னபோது ஸ்டூடியோவுக்கு ஆள் வந்துவிட்டது. அவர் எழுந்து போனார். மருத்துவர் நிமிர்ந்து என்ன சொன்னார் என்று காத்திருந்து கேட்டிருக்கலாம். கேட்காமல் வந்துவிட்டேன். நல்ல சேதியாக இருந்தால், பாப்புவின் கண்ணுக்கு அதை ஈடாக்கி எழுதிவிடுவேன். கெட்ட சேதியாக இருந்தால் எழுதவே மாட்டேன்.

ஆகவே மருத்துவர் இன்னும் குனிந்தே இருக்கிறார். வலது கண் பார்த்தாயிற்று. மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். என்ன எழுதினாலும் சரி, அந்தச் சட்டை நுனியை அக்கா விட்டுவிடும்படி மட்டும் எழுத வேண்டாம்.