அரை டிகிரி

சலவைக்கூடத்தில் அவளுக்கு இரண்டு பெயர்கள். வேலை செய்கிறவர்கள் ‘மேடம்’ என்பார்கள். கூடத்தை நடத்தும் அண்ணன் மட்டும், மனம் லேசாக இருக்கும் நேரங்களில், ‘அரை டிகிரி’ என்று கூப்பிடுவார்.

“அரை டிகிரி, கிளினிக் மூட்டை வந்துடுச்சா?”

“வந்துடுச்சு முழுப் பூஜ்யம், மெஷினுக்கே போயாச்சு.”

பள்ளிக்கூடத்தோடு படிப்பை முடித்துக்கொண்ட அண்ணனுக்கு இந்தப் பதில் எத்தனை முறை கேட்டாலும் சலிக்காது. தொடையில் தட்டிச் சிரிப்பார்.

அவள் கல்லூரியில் வணிக நிர்வாகம் படித்தவள்; நான்கு ஆண்டுப் படிப்பு. இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில்தான் அண்ணன் இந்தக் கூடத்தை வாடகைக்கு எடுத்தார். ஆள் போதவில்லை. “ஒரு மாசம் வந்து கூட நில்லும்மா” என்றார். அந்த ஒரு மாசம் இன்னும் முடியவில்லை. யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. வேலை அவளைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். இப்போது எந்த மூட்டை எந்த டிரம்முக்குள் போக வேண்டும், எது முதலில் காய வேண்டும், எது வேனின் எந்த நடையில் ஏற வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. வேனை ஓட்டுகிறவர் அவள் கணவர். துணி மடிக்கும் மேசைக்கு அண்ணி தலைவி.

அண்மையில் அவளுக்கு ஒரு நினைப்பு வந்து போகாமல் உட்கார்ந்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடர வேண்டும். விட்ட இடத்திலிருந்து என்பதுதான் முக்கியம். மறுபடி முதல் வருஷத்தில் போய் உட்கார அவளால் முடியாது. அப்படி உட்கார்ந்தால், அந்த இரண்டு வருஷமும் வெறும் கனவு என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

ஆன்லைனில் விசாரித்து, வடிகட்டி, கடைசியில் இரண்டு பல்கலைக்கழகங்களில் வந்து நின்றாள். ஒரு மதிய வேளையில், மடிப்பு மேசையின் ஒரு மூலையை ஒதுக்கிச் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள்.

“ஒண்ணு பெரிய யுனிவர்சிட்டி. பழைய பாடம் எல்லாத்தையும் ஏத்துக்கறாங்க. நேரா மூணாம் வருஷம். ஆனா வாரத்துல ரெண்டு சாயங்காலம் நேரடி வகுப்பு. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தே ஆகணும், வருகைப்பதிவு உண்டு.”

“இன்னொண்ணு?” என்றார் கணவர்.

“சின்னது. பாடத்தைப் பதிவு பண்ணிப் போட்டுடுவாங்க. எப்ப முடியுதோ அப்பக் கேட்டுக்கலாம். பரீட்சைக்கும் ஒரு வாரம் அவகாசம், அதுக்குள்ள நம்ம வசதிக்கு எழுதலாம். ஆனா மூணு பாடம் தள்ளிட்டாங்க. கணக்கியல், கம்ப்யூட்டர், அப்புறம் உற்பத்தி நிர்வாகம். எல்லாம் பழசாப் போச்சாம்.”

“பழசா?” அண்ணி நிமிர்ந்தாள். “படிப்பென்ன பாலா, திரிஞ்சு போக?”

அண்ணன் யோசிக்கவே இல்லை. “பெரிய இடம்தான். இதுல என்ன பேச்சு? பேரைச் சொன்னா நாலு பேர் திரும்பிப் பாக்கணும். உன் பாடத்தை மதிக்காத இடத்துக்கு நீ ஏம்மா போகணும்?”

“சாயங்காலம்தானே அண்ணா இங்க தலைபோற நேரம்?”

“அதை நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொள்வதற்கு முன்னால் ஊருக்குச் சொல்லிவிட்டார். டீக்கடைக்காரர், சோப்புத்தூள் விற்பனையாளர், எதிர்க்கடை மெக்கானிக், தவறான எண்ணுக்கு அழைத்த யாரோ ஒருவர் உட்பட எல்லாருக்கும் செய்தி போனது: “என் தங்கச்சி, நேரா மூணாம் வருஷம்!”

சேர்வதற்கு முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று பெரிய பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. அந்த மாலை, கண்ணாடித் தடுப்பு போட்ட அலுவலக அறையில் அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். அண்ணி ஒரு ஃபிளாஸ்க் டீயை வைத்துவிட்டு, பரீட்சைக்குப் போகிற குழந்தைக்குச் செய்வதுபோல் அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். “மைக்கெல்லாம் வச்சுப் பேசணுமாமே, நல்லாப் பேசு.”

பேராசிரியர் நன்றாகவே நடத்தினார். கடைகளில் வரிசை எப்படி உண்டாகிறது, எங்கே நீள்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். அவள் முழு மூச்சாகக் கேட்டாள். இருந்தும் கொஞ்ச நேரத்தில் உள்ளுக்குள் ஏதோ உறுத்தத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி நின்றால் தூங்குகிறவர் விழித்துக்கொள்வதுபோல, அவள் விழித்துக்கொண்டாள். கூடத்தில் சத்தமே இல்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அண்ணன் கூடத்தின் நடுவில் போக்குவரத்துக் காவலரைப்போல நெஞ்சை நிமிர்த்தி, உதட்டில் விரல் வைத்து நின்றார். இஸ்திரி உருளையை நிறுத்தியிருந்தார்கள். டிரையர்களின் மணிகளுக்கு மேல் துண்டுகள் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. மணி அடித்தால்தான் அடுத்த சுமையை மாற்றுவது அங்கே வழக்கம்; மணி அடிக்காததால் யாரும் மாற்றவில்லை. டிரையர்கள் ஓட்டம் முடிந்து சிவப்பு விளக்கோடு நின்றன. அவற்றுக்கு முன்னால் ஈர விரிப்புகள் நிறைந்த தள்ளுவண்டிகள் வரிசை கட்டியிருந்தன. அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் நடந்தாள். பேச வேண்டியவர்கள் கையை ஆட்டிப் பேசினார்கள். அது ஒருவருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் கேட்டார்: “புதுசா வந்திருக்கிறவங்க சொல்லுங்க. உங்க வேலை இடத்துல வேலை எங்க தேங்குது?”

அவள் மைக்கைத் திறந்தாள். “சார், என் கண்ணு முன்னாடியே தேங்குது சார். மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினாள்.

“என்னம்மா, அதுக்குள்ள முடிஞ்சுதா?” என்றார் அண்ணன் கிசுகிசுப்பாக.

“கத்திப் பேசு அண்ணா! உருளையைப் போடு! துண்டை அவிழு!”

அன்று கிளினிக்குக்கு எல்லாத் துணியும் இருட்டுவதற்குள் போக வேண்டும். விரிப்புகளை உருளையில் ஏற்றித் தேய்க்காமல் அனுப்ப முடியாது. உருளையோ ஆறிக் கிடந்தது, சூடேற நேரமாகும். அவள் கிளினிக்கின் நர்ஸ் மேற்பார்வையாளரைப் போனில் பிடித்தாள். “அக்கா, எங்க தப்பு, துணி லேட்டாகும். உங்களுக்கு எது முதல்ல வேணும், எது பொறுக்கும்? அதை மட்டும் சொல்லுங்க.” நோயாளிகளின் அங்கிகளும் துவாலைகளும் உடனே வேண்டும், விரிப்புக்கு இரவுப் பணிக்கு ஆள் மாறும் வரை பொறுக்கலாம் என்று பதில் வந்தது. அங்கிக்கும் துவாலைக்கும் உருளை தேவையில்லை. டிரையர்கள் முழுவதையும் அவற்றுக்குக் கொடுத்தாள். அவை காய்ந்து வரும்போது உருளையும் சூடாகிவிட்டது. கணவர் ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை போனார். இரண்டாவது நடைக்கு வேன் கிளம்பிய பிறகுதான் அவள் அந்த டீயைக் குடித்தாள்.

அண்ணன் ஒரு தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு நிமிர்வெல்லாம் போய்விட்டது.

“உனக்கு இடைஞ்சல் ஆகக்கூடாதேன்னுதான்...”

“தெரியும்ணா.”

“மைக்குல மெஷின் சத்தம் போனா, இவ வண்ணான் வேலை செய்யறவன்னு நெனைப்பாங்களேன்னு...”

“செய்யறவதானே?” என்றாள் அவள்.

மறுநாள் மடிப்பு மேசையில் அவள் முடிவைச் சொன்னாள். சின்ன பல்கலைக்கழகம்.

அண்ணன் கையிலிருந்த சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். “நேத்து நடந்தது என் முட்டாள்தனம். அடுத்த வாரம் அப்படி நடக்காது. அதுக்காகப் பேர் தெரியாத இடத்துல போய்ச் சேருவியா?”

“நேத்து நீ முட்டாள்தனம் பண்ணல. அந்த வகுப்புல நான் உட்காரணும்னா இங்க யாராவது ஏதாவது ஒண்ணை நிறுத்தித்தான் ஆகணும். நீ நிறுத்துவ. உன்னைப்போல நிறுத்துறதுக்கு ஆள் கிடைக்காது. ஆனா எத்தனை வாரம்? ஒரு மாசம் தாங்கும். அப்புறம் ஒரு நாள் மூட்டை நெறைய வரும், ஆள் வராது, நான் வகுப்பை விடுவேன். மறுபடி பாதியில நிப்பேன்.” அவள் குரல் உயரவில்லை. “ஒரு தடவை பாதியில நின்னாச்சு அண்ணா. அதுல எனக்கு வருத்தமில்ல. ரெண்டாவது தடவை நின்னா அது பழக்கம்.”

‘ஒரு மாசம்’ என்ற சொல் மேசையில் விழுந்தது. அண்ணன்தான் அதை எடுத்தார். “அந்த ஒரு மாசத்தை நான் கேக்காம இருந்திருந்தா நீ இப்ப எங்கயோ...”

“எங்கயோ இருந்து, யார்கிட்டயோ ‘துணி இன்னும் வரலயே’ன்னு போன் பண்ணிட்டிருப்பேன். சாப்பிடு.”

சிக்னலில் நிற்கும்போதுதான் கணவர் வாய் திறப்பார் என்று அண்ணி கேலி செய்வாள். இப்போது தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “மூணு பாடம் தள்ளிட்டாங்கன்னு சொன்னே. ஏன் தள்ளினீங்கன்னு கேட்டியா?”

“பழசுன்னு மெயில்ல போட்டிருந்தாங்களே.”

“மெயில்ல போட்டாங்க. நீ கேட்டியா?”

கேட்கவில்லை. வாடிக்கையாளர் ஒரு தலையணை உறையைத் திருப்பி அனுப்பினால்கூட ஏன் என்று கேட்காமல் விடாதவள், தன் பாடங்கள் திரும்பி வந்ததும் வாயடைத்து இருந்துவிட்டாள். அன்றே பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசகரை அழைத்தாள். அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். பாடத்திட்டம் மாறிவிட்டதால் பழைய மதிப்பெண்ணை மட்டும் வைத்து ஏற்க முடியாது. ஆனால் அதே துறையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆசிரியர் ஒருவர் வீடியோவில் வேலையைப் பார்த்து, கேள்வி கேட்டு, தகுதி இருந்தால் பாடத்தைக் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் மூன்றையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

“இதை ஏன்மா முன்னாடியே சொல்லல?”

“நீங்க எங்க வேலை செய்யறீங்கன்னு விண்ணப்பத்துல காலியா விட்டிருந்தீங்களே மேடம்.”

மதிப்பீட்டுக்கு அவள் ஒரு மாலையைக் கேட்டு வாங்கினாள். கூடம் முழு வேகத்தில் இருக்கும் நேரம். கணவர் போனைப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. வேன் ஓட்டுகிற கை, ஆடாது. அண்ணன் காலையிலிருந்தே புதுச் சட்டையில் இருந்தார். திரையில் ஆசிரியை தோன்றியதும் பழக்கதோஷம், உருளையின் சுவிட்சை நோக்கி அவர் கை போனது.

“அண்ணா, எதையும் தொடாதே. ஓடட்டும்.”

அவள் நடந்தாள். அழுக்குத் துணி வரும் வாசலிலிருந்து சலவைத் துணி வேனில் ஏறும் வாசல் வரை, சத்தத்துக்கு மேல் குரலை வைத்து, எது எங்கே காத்திருக்கும், ஏன் காத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அந்த வகுப்பு மாலையில் நடந்ததையும் மறைக்காமல் சொன்னாள். துண்டு கட்டிய மணிகளைப் பற்றிக் கேட்டபோது ஆசிரியை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேள்விகள் வந்தன. துவாலையை முதலில் அனுப்ப யார் முடிவு செய்தது? நர்ஸைக் கேட்காமல் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

“விரிப்பைத்தான் முதல்ல அனுப்பியிருப்பேன் மேடம். அதுதான் பெரிய மூட்டை. தப்பாப் போயிருக்கும்.”

ஆசிரியை எதையோ குறித்துக்கொண்டார். கணக்கியலுக்கு வந்தபோது ஒரே கேள்வி கேட்டார்: அன்றைக்கு இரண்டாவது நடையால் ஒரு விரிப்புக்கு அடக்கச் செலவு எவ்வளவு கூடியது? அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். டீசல் தெரியும், கூலி தெரியும். ஒரு விரிப்பின் தலையில் அதை எப்படிப் பிரித்துக் கட்டுவது என்று தெரியவில்லை.

“தெரியல மேடம். அதைப் படிக்கணும்.”

“படிக்கலாம்” என்றார் ஆசிரியை. கம்ப்யூட்டர் கேள்விகளிலும் அதே கதைதான்.

முடிவு வந்தபோது அவள் டிரையர்களுக்கு முன்னால் நின்றிருந்தாள். போனைப் பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள், பிறகு அண்ணியிடம் நீட்டினாள். உற்பத்தி நிர்வாகம் முழுமையாக ஏற்கப்பட்டிருந்தது. கணக்கியலும் கம்ப்யூட்டரும் படிக்க வேண்டும். அவற்றை மூன்றாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். இடம்: மூன்றாம் ஆண்டு.

அண்ணி அதைச் சத்தமாகப் படித்தாள். படித்து முடித்து, நாத்தனாரின் கன்னத்தை ஈரக் கையால் பிடித்துக் கிள்ளினாள். கணவர் வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டே, “கேட்டாத்தான் கிடைக்கும்” என்று மட்டும் சொன்னார். ஆனால் வேனை வெளியே எடுக்கும்போது, தேவையே இல்லாமல், நீளமாக ஹாரன் அடித்தார்.

அண்ணனோ ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் பல நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்த மனிதர். மெதுவாக ஒரு டிரையரின் அருகில் போய், மணியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த துண்டின் நூலைப் பிய்த்து எடுத்தார். பிறகு திரும்பினார்.

“இனிமே உன்னை அரை டிகிரின்னு கூப்பிட முடியாது.”

“ஏன், முழு டிகிரியா ஆயிட்டேனா?”

“முழுசு இன்னும் இல்ல. முக்காலே மூணு வீசம்.”

“அவ்வளவு இல்லண்ணா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அரையைக் கொஞ்சம் தாண்டியிருக்கேன், அவ்வளவுதான்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. கணக்குல தேறாதவ நீதான், நான் இல்ல.”

தொடையில் தட்டிச் சிரித்துக்கொண்டே அவர் போனை எடுத்துச் சோப்புத்தூள் விற்பனையாளரை அழைத்தார். அவர் என்ன சொன்னார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு டிரையர் மணி அடித்தது, அதைத் தொடர்ந்து அடுத்ததும் அடித்தது. அவள் ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டி, கணக்கியலின் முதல் பாடத்தை ஓடவிட்டாள். இன்னொரு காதைக் கூடத்துக்கு விட்டுவைத்து, தள்ளுவண்டியை முன்னால் இழுத்தாள்.